நீதிமன்றங்களின் கதை – 17: காஜியின் கையைக் கட்டிய சாட்சிகள்

எகிப்தில் முஸ்லிம்களின் ஆட்சி ஏற்பட்டு ஐம்பது ஆண்டுகள்கூட நிறையாத காலம். முஆவியா கலீபாவாக இருந்தார். ஃபுஸ்தாத் நகரத்தில் சுலைம் இப்னு இத்ர் என்பவர் காஜி. அவரிடம் ஒரு வாரிசுரிமை வழக்கு வந்தது. விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். சில காலம் கழித்து அதே வாரிசுகள் மறுபடி வந்து நின்றார்கள். முன்பு என்ன தீர்ப்பானது என்பதிலேயே இப்போது அவர்களுக்குள் சண்டை. சுலைம் மீண்டும் தீர்ப்பளித்தார்; இம்முறை அதை எழுதிவைத்து, படைத்தலைவர்களை அதற்குச் சாட்சியாகவும் நிறுத்தினார். எகிப்தில் தீர்ப்பை எழுத்தில் பதிந்த முதல் காஜி இவரே என்று, அந்நாட்டுக் காஜிகளின் வரலாற்றை எழுதிய அல்-கிந்தி (இறப்பு 961) குறித்திருக்கிறார். இந்தச் சிறு செய்தியில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் சாட்சி நிறுத்தியது. எழுதியது மட்டும் போதவில்லை. எழுதியதற்கும் சாட்சி வேண்டியிருந்தது. தீர்ப்புச் சொன்னவர் அரசால் அமர்த்தப்பட்ட நீதிபதி. ஆனாலும் அவர் இன்னதுதான் சொன்னார் என்பதை வேறு மனிதர்கள் வந்து உறுதிப்படுத்த வேண்டும். இஸ்லாமிய வழக்கு நடைமுறையின் உயிர்நாடி இதில் இருக்கிறது என்பது என் வாதம். அந்த முறை நீதிபதியை நம்பிக் கட்டப்பட்டதன்று. நீதிபதியை நம்பாமல் கட்டப்பட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு படம் உலகில் வெகுகாலமாக உலவுகிறது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், எழுதப்பட்ட விதிகளுக்குக் கட்டுப்படாமல் அந்தந்த வழக்கின் நியாய அநியாயத்தைப் பார்த்து மனம்போல் தீர்ப்பளிக்கும் முறையைக் ‘காஜி நீதி’ என்று அழைத்தார். அவர் அதை ஒரு மாதிரி வகையாகத்தான் சொன்னார். இஸ்லாமிய நாடுகளில் நடந்ததன் வரலாறாகச் சொல்லவில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. 1949-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், டெர்மினியெல்லோ வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில், நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் தாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து வசதிப்படி நீதி வழங்கும் காஜிகள் அல்லர் என்ற பொருளில் எழுதினார். காஜி என்றால் மரத்தடி, மரத்தடி என்றால் மனம்போன போக்கு என்று அந்த உவமைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. உண்மையில் காஜியின் முன்னால் வழக்கு எப்படி நடந்தது என்பதை அடியிலிருந்து பார்த்தால் இந்தப் படம் தலைகீழாகிவிடும்.

நீதிபதியின் நடைமுறையைப் பற்றி அரபியில் ‘அதபுல் காஜி’ என்ற பெயரில் ஒரு நூல்வகையே உண்டு. அவற்றுள் பழமையானவற்றில் ஒன்றை பாக்தாதில் அல்-கஸ்ஸாஃப் (இறப்பு 874) எழுதினார். புதிதாகப் பதவியேற்கும் காஜி முதலில் தமக்கு முன்னிருந்தவரின் ஆவணங்களைப் பொறுப்பேற்க வேண்டும். பிறகு சிறையில் இருப்பவர்கள் யார், எதற்காக இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வழக்குக்காரர்களின் சீட்டுகளை எழுத்தர் வாங்கி வரிசைப்படுத்துவார். காஜி கோபத்திலோ பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ இருந்தால் விசாரணைக்கு அமரக் கூடாது. வழக்காடும் இருவரையும் ஒரே மாதிரி உட்காரவைக்க வேண்டும். ஒருவரைப் பார்க்கும் பார்வைகூட மற்றவருக்குக் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கலாகாது. ஒருவரை மட்டும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கக் கூடாது. இந்த அறிவுரைகளின் சாரம், கலீபா உமர் அபூமூஸா அல்-அஷ்அரிக்கு எழுதியதாக மரபு கூறும் கடிதத்திலும் இருக்கிறது. அந்தக் கடிதம் உண்மையில் உமருடையதா, பின்னால் வந்தவர்கள் அவர் பெயரில் வைத்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. யார் எழுதியிருந்தாலும் நூற்றாண்டுக் கணக்கில் காஜிகள் படித்துப் பழகிய பாடம் அதுதான்.

இவையெல்லாம் நல்லொழுக்க உபதேசம், இதில் நடைமுறை எங்கே என்று கேட்கலாம். நடைமுறை அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. வாதி சான்று கொண்டுவர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நபிகள் நாயகத்தின் வாக்காக வந்த விதி. கேட்க எளிது. ஆனால் வாதி யார்? நம் நீதிமன்றங்களில் முதலில் படியேறி வழக்குப் போட்டவர் வாதி. ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) அறிஞர்கள் அப்படிப் பார்க்கவில்லை. யாருடைய பேச்சு இயல்பான நிலைக்கு எதிராகப் போகிறதோ அவரே வாதி. அந்த இயல்பான நிலைக்கு அவர்கள் வைத்த சொல் ‘அஸ்ல்’. நாம் நகலுக்கு எதிராகச் சொல்கிறோமே அந்த ‘அசல்’ இதுவே. யாரும் யாருக்கும் கடன்படவில்லை என்பது அசல் நிலை. ஆகவே ‘இவர் எனக்கு நூறு தீனார் தர வேண்டும்’ என்பவர் வாதி. சான்று அவர் சுமை. எதிராளி ‘வாங்கவே இல்லை’ என்றால் மறுப்பவர், சத்தியம் போதும். ஆனால் அவர் ‘வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்று சொன்ன கணத்தில் நிலைமை புரண்டுவிடும். கடன் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். இப்போது கொடுத்துத் தீர்த்ததாகச் சொல்பவர் அவர். சான்றுச் சுமை அவர் தோளுக்கு மாறிவிட்டது. நிலத் தகராறில் நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் அசல் நிற்கும். மற்றவர் நிரூபிக்க வேண்டும். ஒரே வழக்கில் வாதியும் பிரதிவாதியும் இரண்டு மூன்று முறை இடம் மாறுவதுண்டு. யார் மீது சுமை என்று சரியாகப் பிரிப்பதே காஜியின் முதல் வேலை. பிரித்துவிட்டால் அதன்பின் அவர் கையில் அதிகம் எதுவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் தீர்ப்புக்குப் போகும் வழிகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. எதிராளி தானாக ஒப்புக்கொள்வது ஒன்று. தகுதியுள்ள சாட்சிகள் இன்னொன்று. சொத்து வழக்கென்றால் இரண்டு ஆண்கள், அல்லது ஓர் ஆணும் இரண்டு பெண்களும். இரண்டும் இல்லையென்றால் மறுப்பவரைச் சத்தியம் செய்யச் சொல்ல வேண்டும். செய்தால் வழக்கு அத்தோடு தள்ளுபடி. செய்ய மறுத்தால் என்ன ஆகும் என்பதில் மத்ஹபுகள் (சட்ட மரபுகள்) பிரிகின்றன. ஹனஃபி மரபில் அந்த மறுப்பே அவருக்கு எதிரான தீர்ப்புக்குப் போதும். ஷாஃபி மரபில் சத்தியம் வாதியிடம் திருப்பிவிடப்படும். அவர் சத்தியம் செய்தால்தான் வெற்றி. தமிழ் முஸ்லிம்களில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரபு ஷாஃபி, ராவுத்தர்களின் மரபு ஹனஃபி. இந்த இரு சமூகங்களின் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல்களிலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. எந்த மத்ஹபாக இருந்தாலும் பொதுவான ஒன்று உண்டு. ‘இருவரையும் பார்த்தேன், இவர் பொய் சொல்வதாக எனக்குப் படுகிறது’ என்று தீர்ப்பளிக்கக் காஜிக்கு இடமில்லை.

இந்த இடத்தில்தான் சாட்சி என்ற மனிதர் நீதிமன்றத்தின் நடுவில் வந்து உட்காருகிறார். சாட்சி சொல்லிவிட்டால் காஜி கட்டுப்பட்டாக வேண்டும் என்றால், சாட்சி யார் என்பதே எல்லாமும் ஆகிவிடுகிறது. தந்தை மகனுக்குச் சாட்சி சொல்ல முடியாது. பங்காளி பங்குச் சொத்தில் சொல்ல முடியாது. பகைவன் பகைவனுக்கு எதிராகச் சொல்ல முடியாது. உறவுக்கும் பகைக்கும் அப்பால் அந்த மனிதரின் நடத்தையும் எடைபோடப்படும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதிய ஹனஃபி சட்ட நூலான ‘ஹிதாயா’, வட்டி வாங்கி உண்பவர், சூதாடுபவர், புறாவோ பறவையோ வைத்து விளையாடித் திரிபவர், பொதுக் குளியலறைக்குள் இடுப்பில் துணியின்றி நுழைபவர் போன்றோரின் சாட்சியத்தை ஏற்பதில்லை. புறா விடுபவனுக்கும் கடன் வழக்குக்கும் என்ன தொடர்பு என்று இன்று நமக்குத் தோன்றும். ஊர் முன்னிலையில் தன் மானத்தைப் பேணாதவன் தன் சொல்லையும் பேணமாட்டான் என்பது அவர்கள் எண்ணம். எட்டாம் நூற்றாண்டின் நடுவில் எகிப்தில் காஜியாக இருந்த கவ்ஸ் இப்னு சுலைமான், பொய்ச் சாட்சி பெருகியதைக் கண்டு, சாட்சிகளைப் பற்றி இரகசியமாக விசாரிக்கத் தொடங்கினார் என்கிறார் கிந்தி. அண்டை வீட்டாரிடமும் கடைத்தெருவிலும் கேட்டுவர ஆள் போகும். தேறியவர் சொல் மட்டும் ஏறும். சில பத்தாண்டுகளில் இது நிலையான ஏற்பாடாயிற்று. தேர்ந்த சாட்சிகள் காஜியின் அருகிலேயே அமர்ந்தார்கள். விற்பனைப் பத்திரம், திருமண ஒப்பந்தம், கடன் சீட்டு எல்லாவற்றிலும் அவர்கள் பெயர் ஏறியது. கிட்டத்தட்ட நம் பத்திர எழுத்தரும் நோட்டரியும் சேர்ந்த ஒரு தொழிலாக அது வளர்ந்தது.

காஜி தாமே கண்ணால் கண்டது என்றால்? இந்தக் கேள்வியில்தான் நான் சொல்லும் நம்பாமை வெளிப்படையாகத் தெரிகிறது. மாலிகி மத்ஹபின் அறிஞர்கள், நீதிபதி தம் சொந்த அறிவைக் கொண்டு தீர்ப்பளிக்கவே கூடாது என்றார்கள். கண்டிருந்தால் அவரும் ஒரு சாட்சி, இன்னொரு நீதிபதி முன் போய்ச் சொல்லட்டும். ஹனஃபி மரபின் மூலவரான அபூஹனீஃபா ஓர் எல்லைக்குள் அனுமதித்தார்: தனிமனித உரிமை பற்றிய வழக்காக இருக்க வேண்டும், பதவியில் இருக்கும்போது அறிந்ததாக இருக்க வேண்டும். பின்னால் வந்த ஹனஃபி அறிஞர்கள் அந்த வாசலையும் மூடினார்கள். காரணத்தை ஒளிக்காமல் எழுதினார்கள்: இக்காலத்து நீதிபதிகள் கெட்டுவிட்டார்கள். தங்கள் துறையின் நீதிபதிகளைப் பற்றி அத்துறையின் சட்ட நூலே இப்படிச் சொல்வதைக் காஜியின் மனம்போன போக்குக்கு அடையாளம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதிகாரத்தின் உச்சியில் இருப்பவருக்கும் இந்த ஒழுங்கு பொருந்தியதா? கலீபா மன்சூரின் மனைவி உம்மு மூஸா, தாம் உயிரோடு இருக்கும்வரை அவர் வேறு மணம் செய்யக் கூடாது என்று திருமண ஒப்பந்தத்திலேயே நிபந்தனை எழுதி வாங்கியிருந்தார். மன்சூர் அதிலிருந்து விடுபட முயன்றபோது, தீர்ப்புச் சொல்ல எகிப்திலிருந்து அதே கவ்ஸ் வரவழைக்கப்பட்டார். உம்மு மூஸா தம் சார்பில் ஒரு வக்கீலை அனுப்பினார். கலீபா அந்த வக்கீலுக்குச் சமமாக இறங்கி அமர வேண்டும் என்று கவ்ஸ் கேட்டார், மன்சூர் இறங்கினார். ஒப்பந்தம் காட்டப்பட்டது, நிபந்தனை உண்மைதான் என்று கலீபா ஒப்புக்கொண்டார், தீர்ப்பு மனைவியின் பக்கம் ஆனது. கிந்தி இதைப் பதிந்தது நிகழ்ச்சி நடந்து நெடுங்காலம் கழித்து. ஆகவே ஒவ்வொரு அசைவும் இப்படியே நடந்தது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் கதை எதை மெச்சுகிறது என்று பாருங்கள். காஜியின் புத்திசாலித்தனத்தை அது மெச்சவில்லை. சம இருக்கை, வக்கீல், ஆவணம், ஒப்புதல் என்று வரிசை பிசகாமல் நடந்ததை மெச்சுகிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவதும் வலுவானதும் இது: எல்லா மனிதரின் சாட்சியும் சமம் இல்லாத நீதிமன்றத்தை ஒழுங்கான நீதிமன்றம் என்பது எப்படி? பெரும்பாலான அறிஞர்களின் கருத்தில், முஸ்லிமுக்கு எதிராக முஸ்லிம் அல்லாதவரின் சாட்சியம் செல்லாது. அடிமையின் சாட்சியத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. சொத்து வழக்கில் இரண்டு பெண்கள் ஓர் ஆணுக்கு ஈடு. உயிர்க்கொலை, உடல் தண்டனை வழக்குகளில் பெண்களின் சாட்சியமே கிடையாது. இதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. தன் வீட்டில் நடந்த கொலையைக் கண்ட மனைவியின் வாயை அடைக்கும் விதி அநீதியானது. அக்காலத்து மற்ற நாடுகளும் அப்படித்தான் இருந்தன என்று சொல்லி அதை நியாயப்படுத்தவும் முடியாது. ஆனால் இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிபதியின் கட்டற்ற அதிகாரத்திலிருந்து அது வரவில்லை. சாட்சியின் எடையை நீதிபதி தம் அறிவால் அளக்கக் கூடாது, முன்கூட்டியே வகுத்த தகுதி அளக்கட்டும் என்று விட்டதிலிருந்து வருகிறது. சமூகத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டவர் அந்தத் தகுதிப் பட்டியலிலும் தாழ்ந்தே நின்றார். சட்டம் வளைந்து கொடுத்ததால் வந்த அநீதி என்று இதைச் சொல்ல முடியாது; வளையாததால் வந்தது.

இரண்டாவது மறுப்பு, இந்த ஒழுங்கெல்லாம் ஏட்டில்தான் என்பது. பொய்ச் சாட்சியை விலைக்கு வாங்க முடிந்தவன் வென்றிருப்பான் அல்லவா? வென்றிருப்பான், பல இடங்களில். 17-ஆம் நூற்றாண்டு இஸ்தான்புல் நீதிமன்றப் பதிவேடுகளை எண்ணிக் கணக்கிட்ட திமுர் குரான், ஸ்காட் லஸ்டிக் என்ற இரு பொருளியலாளர்கள், முஸ்லிம்களின் பக்கமும் அரசு அதிகாரிகளின் பக்கமும் தீர்ப்புகள் சாய்ந்திருந்ததை 2012-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இந்தச் சான்றை ஒதுக்கிவிட்டு எழுதுவது வரலாறாகாது. எனினும் அப்படி எண்ணிக் கணக்கிட முடிந்தது எதனால்? வழக்கு வழக்காக, யார் வாதி, யார் மறுத்தார், யார் சாட்சி சொன்னார், யார் சத்தியம் செய்தார் என்று அந்தப் பதிவேடுகள் எழுதிவைத்திருப்பதால். இஸ்தான்புல் நீதிமன்றங்களின் பதிவேடுகள் மட்டும் பத்தாயிரம் தொகுதிகளை நெருங்குகின்றன. மனம்போன போக்கில் நீதி சொன்ன இடத்தில் இவ்வளவு ஏடு மிஞ்சாது.

அந்த ஏடுகளுக்குள் கொஞ்சம் நுழைந்து பார்ப்பது தகும். ஜெருசலேமின் ஹரம் ஷரீஃப் வளாகத்து அருங்காட்சியகத்தில் 1974-க்கும் 1976-க்கும் இடையில் ஏறத்தாழ 900 பழைய ஆவணங்கள் வெளிப்பட்டன. பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. அவற்றில் மிகுதியாக இருப்பவை இறந்தவர்களின், இறக்கும் தறுவாயில் கிடந்தவர்களின் உடைமைப் பட்டியல்கள். காஜி அனுப்பிய சாட்சிகள் நோயாளியின் படுக்கையருகே போய், போர்வை, பானை, பழைய அங்கி என்று ஒவ்வொன்றையும் எழுதி, வாரிசு யார் என்று கேட்டு, கீழே தங்கள் பெயரை இட்டிருக்கிறார்கள். அரண்மனைக்காரர்களுக்கு மட்டும் இந்தக் கவனம் கிடைக்கவில்லை. புனித நகரத்துக்கு வந்து ஆதரவின்றிக் கிடந்த ஏழைப் பெண்களின் கந்தல் துணிக்கும் கிடைத்தது. உஸ்மானியர் காலத்துக்கு வந்தால், அனதோலியாவின் கைசேரி நகரப் பதிவேடுகளை ஆராய்ந்த ரொனால்ட் ஜென்னிங்ஸ், பெண்கள் தாமே வந்து வீடு விற்பதையும் வாங்குவதையும், சொந்தக்காரர்கள் மீதே வழக்குத் தொடுப்பதையும் மீண்டும் மீண்டும் கண்டார். ஜெருசலேமின் யூதர்கள் தங்களுக்கென்று தனி மன்றம் இருந்தும் காஜியிடம் வந்ததை அம்னோன் கோஹன் எழுதியிருக்கிறார். சாட்சியத்தில் குறைத்து மதிக்கப்பட்டவர்கள் எதற்காக வந்தார்கள்? தங்கள் உரிமை ஏட்டில் ஏறிவிட்டால் நாளை யாரும் அழிக்க முடியாது என்ற நம்பிக்கையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பதிவின் அடியிலும் அன்று மன்றத்தில் இருந்த அக்கம்பக்கத்தார் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. வழக்கின் விஷயத்துக்கு அவர்கள் சாட்சி அல்லர். விசாரணை ஒழுங்காக நடந்தது என்பதற்குச் சாட்சி. சுலைம் நிறுத்திய படைத்தலைவர்களின் இடத்தில் இப்போது தோல் பதனிடுபவரும் ரொட்டி சுடுபவரும் நின்றார்கள்.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: கசையடி, கழுமரம், ஒரே சொல்லில் தலை வெட்டும் ஆளுநர்கள் எல்லாம் பொய்யா? பொய் இல்லை. ஆனால் அவை நடந்தது எங்கே என்று கேட்க வேண்டும். குற்ற வழக்கில் காஜியின் கயிறு இன்னும் இறுக்கமானது. முறைகேடான உறவைக் குற்றமாகச் சாட்ட நான்கு பேர் நேரில் கண்டிருக்க வேண்டும். குறைந்தால் சாட்டியவர்களுக்கே 80 கசையடி. கலீபா உமரின் காலத்தில் பஸ்ராவின் ஆளுநர் முகீரா மீது மூவர் உறுதியாகச் சாட்சி சொன்னார்கள், நான்காமவர் தயங்கினார், அடி வாங்கியவர்கள் அந்த மூவர். ஐயம் எழுந்தால் தண்டனையை விலக்க வேண்டும் என்பது எல்லா மத்ஹபும் ஏற்ற விதி. அடித்து வாங்கிய ஒப்புதல் செல்லாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. இந்த விதிகளோடு ஒரு பெருநகரத்தின் திருடர்களை அடக்க முடியாது என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள். ஆகவே காஜியைத் தாண்டி வேறு கதவுகளைத் திறந்தார்கள். ஒன்று காவல் தலைவரின் ஷுர்தா. இன்னொன்று ஆட்சியாளரே அமர்ந்து முறையீடு கேட்ட ‘மஸாலிம்’ மன்றம். 11-ஆம் நூற்றாண்டில் அல்-மாவர்தி (இறப்பு 1058) இந்த மன்றத்துக்கும் காஜிக்கும் உள்ள வேறுபாடுகளை வரிசையாக எழுதினார். மஸாலிம் அதிகாரி அச்சுறுத்தலாம். அறிகுறிகளை வைத்து முடிவு செய்யலாம். சாட்சிகளைத் தாமே வரவழைக்கலாம். வலுவான சந்தேகம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரை உண்மை சொல்லும்படி அமீர் (ஆட்சி அதிகாரி) அடிக்கலாம், காஜி அடிக்கக் கூடாது என்றும் அதே நூலில் இருக்கிறது. ‘காஜி நீதி’ என்று உலகம் பழித்ததெல்லாம், விதியின்றி ஆளின் மதிப்பீட்டில் நடந்ததெல்லாம், காஜிக்கு மறுக்கப்பட்டு மற்றவர்களுக்குத் தரப்பட்ட அதிகாரம். பெயர் மட்டும் காஜியின் மேல் வந்து விழுந்தது.

அப்படியானால் காஜியின் முறை குற்றமற்றது என்று ஆகிவிடுமா? ஆகாது, இதை முதலில் சொன்னவர்கள் வெளியார் அல்லர். டமாஸ்கஸின் இப்னு கையிம் (இறப்பு 1350), சான்றைக் குறிக்கும் ‘பய்யினா’ என்ற சொல்லை இரண்டு சாட்சிகள் என்று சுருக்கியது அறிஞர்களின் தவறு, உண்மையை வெளிப்படுத்தும் எதுவும் பய்யினாதான் என்று வாதாடினார். அவர் கோபம் நியாயமானது. ஷரீஅத்தை இப்படிக் குறுக்கியதால்தான் ஆட்சியாளர்கள் ஷரீஅத்துக்கு வெளியே போய் விருப்பப்படி ஆள வழி பிறந்தது என்று அவர் தம் சக அறிஞர்கள் மீதே பழி சுமத்தினார். எனக்கு அவர் கணிப்பு சரியென்றே படுகிறது. நீதிபதியின் கைகளைக் கட்டிய அறிஞர்கள், கட்டப்படாத கைகள் நீதிமன்றத்துக்கு வெளியே இருப்பதைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். அப்பழுக்கற்ற மன்றம் ஒன்றைக் காக்கப் போய், மக்களை அது இல்லாத இடத்தில் தனியே விட்டார்கள். உஸ்மானியர்கள் காஜியிடமே சுல்தானின் கானூனையும் (அரசுச் சட்டத்தையும்) ஒப்படைத்து இந்த இடைவெளியைக் குறுக்கப் பார்த்தார்கள். 1869-க்கும் 1876-க்கும் இடையில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் வெளிவந்த ‘மஜல்லா’ என்னும் 1851 பிரிவுகள் கொண்ட சட்டத் தொகுப்பு, வாதிக்குச் சான்று, மறுப்பவருக்குச் சத்தியம் என்ற பழைய விதியை 76-ஆம் பிரிவாக வைத்துக்கொண்டே, மோசடிக்கு இடமில்லாத எழுத்தைத் தனித்தே ஏற்கலாம் என்று வாசலைத் திறந்தது. சுலைமுக்குப் பிறகு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவில் இந்த முறை வேறு விதமாகப் பிரிந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸின் 1772 திட்டப்படி வங்காளத்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் காஜியும் சட்டக் கருத்துச் சொல்லும் முஃப்தியும் அமர்ந்தார்கள். ஹிதாயாவை சார்லஸ் ஹாமில்டன் 1791-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சென்னை மாகாணத்திலும் 1802 ஒழுங்குவிதிகளுக்குப் பின் கம்பெனியின் மன்றங்களில் முஸ்லிம் சட்ட அதிகாரிகள் ஃபத்வா கொடுத்தார்கள். சாட்சியின் மதம் பார்க்கும் விதியை 1790-களின் தொடக்கத்திலேயே கம்பெனி நீக்கியது. அது செய்யத்தக்க செயல். 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1864-இல் காஜி, முஃப்தி பதவிகள் நீதிமன்றத்திலிருந்து நீக்கப்பட்டன. 1872-இல் சாட்சியச் சட்டம் வந்தது. முறை போயிற்று, சொற்கள் தங்கின. காஜி முன் வைக்கும் கோரிக்கை ‘தஅவா’, நம் தாவா. மன்றத்தில் நேர்நிற்பவர் ‘ஹாழிர்’, நம் ஆஜர். பெண்ணரசி உம்மு மூஸா அனுப்பியவர் வக்கீல். காஜியின் நம்பிக்கைக்குரிய ஆள் அமீன், ஜப்திக்கு வரும் நம் அமீனா. இருதரப்பும் மனமொப்பினால் ராஜி. மன்றத்தின் முன்னிலையில் நடந்ததை அப்படியே எழுதிய பதிவுக்கு அரபு நூல்கள் தந்த பெயர் ‘மஹ்ழர்’. ஆஜரும் அதுவும் ஒரே வேரில் முளைத்தவை. இன்று தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் மகஜர் அதுவே. சட்டம் வேறாகிவிட்டது; பெயர் மாறவில்லை.

காஜிகளை அரசே மறுபடி அமர்த்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது 1880-இல் காஜிகள் சட்டம் பிறந்தது. அது முதலில் சென்னை மாகாணத்துக்கு மட்டுமே பொருந்தும்படி இயற்றப்பட்டது. இன்றும் நடைமுறையில் இருக்கும் அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் இச்சட்டம் தரவில்லை என்று சொல்கிறது.

(தொடரும்)